தவளைக்கு வெட்டிய குளம்

சங்கரபாண்டியன் தவளைக்குக் குளம் வெட்டின கதையைத் தென்காசிப் பக்கம் சிரிக்காமல் சொல்கிற ஆள் கிடையாது. நாம் கொஞ்சம் சிரிக்காமல் சொல்லிப் பார்ப்போம். மனுஷன் பட்ட பாடு அப்படி.

ரோடு போடுகிற எஞ்சினியராக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு உலகம்மைக்கு நாற்பத்தைந்துதான். ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடம், ஒரு கிணறு, நாலு முருங்கை மரம், இவ்வளவுதான் அம்மாவின் ராஜ்ஜியம். வருகிறவர்களுக்குக் கஞ்சி உண்டு. கேள்வி கேட்டால் பதிலும் உண்டு. ஆனால் கஞ்சி மாதிரி கேட்டவுடன் கிடைத்துவிடாது.

பங்குனி மாதம் ஒரு நாள் காலையில் பாண்டியன் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு மடத்துக்கு வந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"உக்காருங்க சார். வாளியில என்ன?"

"ஒண்ணும் இல்ல. அதுதான் சந்தேகமே."

விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே நரிக்குட்டை என்று ஒரு குட்டை. கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும். முதல் சாரல் மழைக்கு நிறையும். நிறைந்த அன்றைக்கே எங்கிருந்தோ தவளைகள் கூடிவிடும். அந்தக் குட்டை மேலே புறவழிச்சாலை வரப்போகிறது. வருகிற ஆடி பிறந்ததும் மண் கொட்டப் போவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் அந்தத் தவளைகளைக் கொண்டுவந்து தன் நிலத்தில் குடிவைக்க வேண்டும் என்று பாண்டியன் ஒற்றைக்காலில் நின்றார். வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். மனைவி ஆவுடையம்மாளுக்குத் தாய்வீட்டில் கொடுத்த ஒன்றரை ஏக்கர் நிலம், நெல் விளைந்த பள்ளக்காடு, அதில் குளம் வெட்டினார். போன ஆனியில் இரண்டு வாளித் தவளை கொண்டுவந்து விட்டார். ஐப்பசியில் மூன்று வாளி.

ஒவ்வொரு தடவையும் ஒரே வாரம்தான். பிறகு ஒன்றையும் காணோம்.

"முட்டை போட்டுச்சும்மா. தலைப்பிரட்டையும் வந்துச்சு. நாலாம் நாள் பாத்தா ஒரு தலைப்பிரட்டை இல்ல. பெருசுக சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிருச்சு. ரெண்டு மட்டும் ரோட்டுல நசுங்கிக் கெடந்துச்சு."

"எந்தப் பக்கம் போற ரோட்டுல?"

பாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நரிக்குட்டைக்குப் போற ரோட்டுல."

அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு மழைதாம்மா பாக்கி" என்றார் பாண்டியன். "இந்த ஆனி மழைக்கு அதுக வெளிய வரும்போது பிடிச்சுக் கொண்டாந்தாத்தான் உண்டு. அப்பவும் நிக்கலைன்னா அதோட முடிஞ்சுது. எல்லாமே செஞ்சு வச்சிருக்கேன். ஏன் நிக்க மாட்டேங்கு?"

"எல்லாமேன்னா?"

"வந்து பாருங்கம்மா."

அன்று சாயங்காலமே அம்மா போய்ப் பார்த்தார்.

குளம் என்றால் அப்படி ஒரு குளம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நாலு மூலை. ஏழடி ஆழம். நாலு பக்கமும் செங்குத்தாகக் கல் பதித்து, இடுக்கெல்லாம் சிமெண்டு பூசி, ஒரு புல் முளைக்க வழி கிடையாது. போர் மோட்டார் ஓடி ஓடி வருஷம் பூராவும் விளிம்பு வரைக்கும் தண்ணீர். கொக்கு வராமல் இருக்க மேலே வலை. கொசு வராமல் இருக்க உள்ளே மீன். கரையில் ஒரு பலகை: 'தவளைகள் வாழும் இடம். சத்தம் போடாதீர்.'

அம்மா பலகையை இரண்டு தரம் படித்தார்.

"இது யாருக்கு சார், தவளைக்கா?"

"மனுஷங்களுக்கும்மா."

"அது தவளைக்குத் தெரியுமா?"

பாண்டியன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைப்பட எழுதின பலகைதான்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்தைச் சுற்றி நடந்தார். "குட்டித் தவளை கரையேறணும்னா எது வழியா ஏறும்?"

பாண்டியன் கல்லைப் பார்த்தார். வழுவழுவென்று நன்றாகப் பூசியிருந்தது. கூடவே நின்று ஆளைப் பூச வைத்தவர் அவர்தான்.

"தின்ன பூச்சி புழு?"

"மருந்து அடிச்சு சுத்தமா வச்சிருக்கேன்."

"தலைப்பிரட்டையெல்லாம் என்ன ஆச்சுன்னு சொன்னீங்க?"

"அதுதான் தெரியல."

அம்மா தண்ணீர் ஓரமாகக் குனிந்தார். நிழலைப் பார்த்துத் தீனி என்று நினைத்துக்கொண்டு மீன் கூட்டம் வாயைத் திறந்தபடி மேலே வந்தது. கொழுகொழுவென்று நல்ல மீன். பாண்டியன் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வலையைப் பார்த்தார்.

அம்மா மோட்டார் கொட்டகைக்குப் போனார். பெட்டியைத் திறந்து பீஸ் கேரியரைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தண்ணி வத்திரும்மா."

"வத்தட்டும்."

"கோடை வருது. அடி மண்ணு வரைக்கும் காஞ்சிரும். தண்ணி இல்லாமத் தவளை எப்படிம்மா?"

"நரிக்குட்டைக்கு யாரு மோட்டார் போட்டா?"

சொல்லிவிட்டு அம்மா மடத்தைப் பார்க்க நடந்தார். பீஸ் கேரியர் ஒன்றும் கிடைக்காத சாமான் இல்லை. பஜாரில் எந்தக் கடையிலும் தொங்கும். பாண்டியன் இரண்டு தடவை கடை வாசல் வரைக்கும் போய்விட்டு, தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்த மட்டுக்கு அவர் நல்ல சீடர்தான்.

சித்திரை வெயில் சும்மா இருக்குமா. குளம் தினம் நாலு விரல் இறங்கியது. ஆவுடையம்மாள் கரையில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தவளைக்குக் குளம் வெட்டினீங்க, சரி. இப்ப எதுக்கு அதைக் காயப் போட்டிருக்கீங்க? வடகமா?"

"மடத்தம்மா சொல்லியிருக்காங்க."

"அவுக எதுக்குச் சொன்னாகளாம்?"

"தெரியாது."

"நல்ல குரு, நல்ல சிஷ்யன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தாள். மனுஷன் முகம் வாடிக் கிடப்பதைப் பார்க்க அவளுக்கும் ஆகவில்லை.

தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் மீன்கள் திணற ஆரம்பித்தன. பாண்டியன் மடத்துக்கு ஓடினார்.

"மீனெல்லாம் துடிக்குதும்மா. பாக்க முடியல."

"மேல வலை கட்டியிருந்தீங்களே, அதை எடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"எடுங்க."

வலையை எடுத்த மறுநாள் கொக்கும் நாரையும் வந்தன. இரண்டே நாள். மூன்றாம் நாள் சேற்றில் பறவைக் கால் தடம் மட்டும் இருந்தது.

இன்னொரு நாள் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது பாண்டியன் கேட்டார். "அம்மா, நான் அதுகளுக்கு எவ்வளவு செஞ்சேன். ஒரு குறை வைக்கலையே. பிறகும் ஏம்மா போச்சு?"

அம்மா கும்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு எட்டு வயசுல அம்மா செத்துப் போயிட்டா. அத்தை தென்மலையில இருந்து வந்து கூட்டிட்டுப் போனா. நல்ல அத்தை. புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்தா, ஊஞ்சல் கட்டிக் கொடுத்தா, வேளைக்கு ஊட்டி விட்டா. ஒன்பது நாள் இருந்தேன். பத்தாம் நாள் நடந்தே எங்க ஊருக்கு வந்துட்டேன்."

"ஏன்?"

"அங்க ஒரு கோழியை விரட்டக்கூட என்னை விடல."

பாண்டியன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அம்மா கும்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு முருங்கைக்கீரை பறிக்கப் போய்விட்டார்.

வைகாசி பிறந்தது. குளம் அடிவரைக்கும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு விடியற்காலையில் அம்மா இரண்டு கடப்பாரையோடு வந்து நின்றார். ஒன்றைப் பாண்டியனிடம் நீட்டினார்.

"கல்லைப் பேத்துருவோம். கரை சரிவா இறங்கட்டும்."

இரண்டு பேரும் பேர்த்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை. தினம் காலையில் வெயில் ஏறுகிற வரைக்கும். பாண்டியன் பூச வைத்த சிமெண்டு அவ்வளவு சீக்கிரம் விடுமா. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு கல்லின் அடியில் கடப்பாரையைக் கொடுத்துக்கொண்டு நின்றவர் அப்படியே பேச ஆரம்பித்தார்.

"நரிக்குட்டை மேல அந்த ரோட்டுக் கோட்டைப் போட்டது நான்தாம்மா."

அம்மா நிமிர்ந்தார்.

"பதினோரு வருஷம் இருக்கும். புறவழிச்சாலைக்கு அளக்கப் போனேன். மழை விட்ட சாயங்காலம். அந்தக் கரையில அளவுக்காரன், இந்தக் கரையில நான். தவளை போட்ட சத்தத்துல நான் கத்தினது அவனுக்குக் கேக்கல. கையைக் கையை ஆட்டினேன், அவனுக்குப் புரியல. எனக்குன்னா எரிச்சல். இந்தச் சவம் வாயை மூடவே மூடாதான்னு திட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் வரைபடத்துல நேரா அது மேலேயே கோட்டை இழுத்தேன். வளைச்சு இழுத்திருக்கலாம். நூறு மீட்டர் வளைச்சாப் போதும். ஒருத்தரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஆவுடைகிட்டகூடச் சொல்லல. எனக்கே மறந்துதான் போச்சு. போன வருஷம் அங்க அடையாளக் கல்லு நட்டதைப் பாத்ததும் எல்லாம் வந்துருச்சு. நெஞ்சு கெடந்து அடிக்குதும்மா."

அம்மா கிட்டே வந்தார். பிறகு தன் கடப்பாரையை அதே கல்லின் அடியில் கொடுத்தார்.

"சரி. இது லேசா அசையுது. சேந்து தள்ளுவோம்."

பாண்டியன் தள்ளினார். அழுதுகொண்டே தள்ளினார். அம்மா அழ வேண்டாம் என்று சொல்லவில்லை, அழுங்கள் என்றும் சொல்லவில்லை. கல் உருளுகிற வரைக்கும் தன் பக்கத்தை விடாமல் பிடித்திருந்தார்.

ஆனி முதல் வாரத்துக்குள் கரை நாலு பக்கமும் சரிந்து இறங்கியது. ஆடு மாடு இறங்கி மிதித்தது, புழுக்கையும் சாணியும் போட்டது. ஈரம் இருந்த ஒரு மூலையில் கோரை முளைத்தது. பாண்டியனின் நேர்கோடு எதுவும் மிச்சம் இல்லை. ஒரு நாள் கல்குவியலில் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க மடத்துக்கு வந்தார்.

"பாம்பு வந்து குடியேறிருச்சும்மா. நான் கொண்டாரதுக்கு முன்னாலயே வந்து காத்துக் கெடக்கு. பிடிக்கிறவனைக் கூப்பிடவா?"

"நீங்க கொண்டாரப் போறீங்கன்னு அதுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலதான்."

"பிறகு அது எதை நம்பி வந்திருக்கு?"

பாண்டியனுக்கு அது அப்போது பிடிபடவில்லை. பாம்பு பாம்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இவ்வளவும் செய்த மனுஷன் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டார். நரிக்குட்டைப் பக்கம் பத்து நாளாகப் போய்ப் பார்க்கவில்லை. காண்ட்ராக்டர்தான் ஆடி என்று சொல்லியிருக்கிறாரே என்று இருந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு ரோட்டு வேலையாவது சொன்ன தேதிக்கு முன்னால் தொடங்கி அவர் கண்டதில்லை. அந்த அனுபவம்தான் காலை வாரிவிட்டது.

ஆனி பத்தாம் தேதி மத்தியானம் மலையிலிருந்து இறங்கின மழை மறுநாள் மத்தியானம்தான் ஓய்ந்தது. பாண்டியன் மொபெட்டில் நாலு வாளியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஆவுடையம்மாள் வாசல் வரைக்கும் வந்து, "பாத்துப் போங்க, வழுக்கும்" என்றாள்.

நரிக்குட்டை இருந்த இடத்தில் செம்மண் மேடு இருந்தது. மழை வந்தால் லாரி இறங்காது என்று காண்ட்ராக்டர் முந்திக்கொண்டுவிட்டார். மூன்று நாளில் கொட்டி முடித்திருந்தார்கள். வடக்கு ஓரத்தில் ஒரு களம் அளவுக்கு மட்டும் தண்ணீர் தேங்கிக் கலங்கிக் கிடந்தது.

பாண்டியன் செம்மண் மேல் நின்றார். கோடைக்கு மண்ணுக்குள் புதைந்து தூங்கின தவளைகள் எல்லாம் அவர் காலுக்குக் கீழேதான் இருந்தன. மழைச் சத்தத்துக்கு முழித்து மேலே வரப் பார்க்கும். வழி இருக்காது. அவர் குனிந்தார். மண்ணைக் கையால் தோண்டினார். ஒரு முழம் தோண்டிவிட்டு, ரோலர் ஓட்டின மண் என்று புரிந்து நிறுத்தினார்.

பிறகு வடக்கு ஓரத்தில் இறங்கினார். பொழுது சாய்கிற வரைக்கும் தேடினார். எட்டுத் தவளை கிடைத்தது. எட்டே எட்டு. மூன்று வாளி அப்படியே காலியாக இருந்தது.

திரும்பி வரும்போது நிலத்துக்கு ஒரு பர்லாங் தூரத்திலேயே ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வயலில் யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். மொபெட்டை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

குளத்தில் இடுப்பளவு தண்ணீர், சேறும் சருகுமாக. அந்தத் தண்ணீர் முழுக்கத் தவளை. மழைக்கு மஞ்சளாகிப்போன பெரிய தவளைகள் தாடையை ஊதிக்கொண்டு மிதந்தன. கோரைப் பக்கம் சின்னது, கல்குவியல் பக்கம் வேறு தினுசு, சரிவு நெடுகத் தேரை. இருட்டுகிற நேரம், எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத்தான் தெரிந்தது. பாண்டியன் தண்ணீர் ஓரமாக முழங்கால் போட்டு, தன் எட்டையும் மெதுவாக இறக்கிவிட்டார். அவை நீந்தி அந்தக் கூட்டத்துக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு அம்மா வரப்பு வழியாக வந்தார்.

"எட்டுதாம்மா கிடைச்சுது" என்றார் பாண்டியன். "எல்லாத்தையும் மூடிட்டாங்க."

"வழியில சொன்னாங்க."

"நான் பத்து நாள் முன்னாலயே போயிருக்கணும்."

"ஆமா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேற்றுக் கை, முகமெல்லாம் அப்பிக்கொண்டது. அம்மா சாக்கின் நுனியால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"இங்க இத்தனை எப்படிம்மா வந்துச்சு? போன வருஷம் நான் விட்டதுல பாதி மண்ணுக்குள்ள போயிக் கெடந்துச்சா? இல்ல, எனக்கு முன்னாலயே இந்த நெலத்துக்குள்ளதான் இருந்துச்சா?"

"தெரியல."

"கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லையா?"

"எதுக்கு?"

பாண்டியன் தண்ணீரைக் கை காட்டினார். "இந்த எட்டு போக, இதுல ஒரு பத்தாச்சும் போன வருஷம் நான் கொண்டாந்ததுன்னு தெரிஞ்சாப் போதும்மா. அங்க அத்தனை போச்சு. ஒரு பத்தையாவது காப்பாத்தினேன்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவேன்."

அம்மா சாக்கைத் தலையிலிருந்து எடுத்து ஈர மண்ணில் விரித்தார். ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இடம் விட்டார்.

"தூங்காதீங்க. இன்னைக்காவது இதுக சத்தத்தை உக்காந்து கேளுங்க."